உங்கள் வீடு உங்கள் சொல் கேட்குமா?

இன்றிரவு படுக்கப் போகும் முன் வீட்டுக்குள் நீங்கள் செய்யும் காரியங்களைக் கொஞ்சம் கணக்கெடுத்துப் பாருங்கள். முன்கதவுத் தாழ்ப்பாள், பின்கதவுப் பூட்டு, கேஸ் அடுப்பு, சாமி மேடை விளக்கு, யாருமில்லாத அறையில் சுற்றிக் கொண்டிருக்கும் மின்விசிறி, வாசல் பல்பு. எதையும் நீங்கள் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகிறது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விதி இருக்கிறது. மகன் இரவு வேலைக்குப் போயிருக்கும் நாளில் வாசல் பல்பை அணைக்க மாட்டீர்கள். மாமியார் கூடத்திலேயே கண்ணயர்ந்துவிட்டால் டிவியின் சத்தத்தைக் குறைப்பீர்கள். ஒரேயடியாக நிறுத்த மாட்டீர்கள், நிறுத்தினால் அவர் விழித்துக்கொள்வார். இதையெல்லாம் யாரும் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. உங்கள் தலைக்குள் இருக்கிறது.

இப்போது கோலாலம்பூர், ஈப்போ, ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று எந்தப் பட்டணத்துக் கடைக்குப் போனாலும் சொன்னபடி கேட்கும் பல்பு, பிளக், சுவிட்சு, பூட்டு எல்லாம் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பிளக்கை 40, 50 வெள்ளிக்கே வாங்கிவிடலாம். "ஸ்மார்ட் ஹோம்" என்கிறார்கள். வாங்குவது சுலபம். அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது?

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். அண்ணன் மகனோ மாப்பிள்ளையோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அரைமணி நேரம் கைத்தொலைபேசியைத் தட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விடுகிறார். அன்றிலிருந்து வாசல் விளக்கு 7 மணிக்கு எரிகிறது, 11 மணிக்கு அணைகிறது. வேலை முடிந்து மகன் 11.30க்கு வந்து பூட்டைத் தடவும்போது வாசல் கும்மிருட்டு. வீட்டுக்காரிக்கோ அதை மாற்றத் தெரியாது. பிள்ளையைக் கேட்டால், "அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் சித்தி" என்கிறான். கடைசியில் பல்பைக் கழற்றிவிட்டுப் பழைய பல்பையே மாட்டுகிறார்கள். குறை பல்பில் இல்லை. வீட்டின் விதியை அறிந்தவர் ஒருவர், அதை எழுதியவர் வேறொருவர்.

வீட்டில் வாழ்பவரே அந்த விதியை எழுத முடியுமா? கம்ப்யூட்டர் படிக்காதவர், ஆறாம் வகுப்போடு நின்றவர், திரையில் வரும் ஆங்கிலத்தைப் பார்த்தே ஒதுங்குகிறவர்? முடியும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எங்கே வழுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சோற்றுப் பானைக்குள் ஒரு புரோகிராம்

உங்கள் சமையலறையில் ஏற்கனவே ஒரு விதி ஓடிக்கொண்டிருக்கிறது. ரைஸ் குக்கரைத்தான் சொல்கிறேன். ஜப்பானில் தோஷிபா நிறுவனம் தானாக நிற்கும் மின்சார ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டு வந்தது 1955இல். அதை உருவாக்கிக் கொடுத்தவர் யோஷிதாதா மினாமி என்னும் சிறு தொழிற்சாலைக்காரர். ஆனால் இரவு பகலாகச் சோறாக்கிப் பார்த்து, எவ்வளவு நேரம் கொதித்தால் அரிசி வேகும், எப்போது சூட்டை நிறுத்த வேண்டும் என்று கணக்கெடுத்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. ஏறத்தாழ 20 நிமிடம் கொதிக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த 20 நிமிடத்தை அளக்க அவர்கள் கடிகாரம் வைக்கவில்லை. வெளிப்பானையில் அளவாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் இருக்கும் மட்டும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு சட்டென்று ஏறும். அப்போது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும்.

பாருங்கள், யந்திரத்துக்கு விதியைச் சொன்னவர் அடுப்படியில் நின்ற பெண்மணி. மின்சாரம் தெரிந்தவர் அதைத் தகட்டில் அமைத்தார். இரண்டும் வேறு வேறு வேலைகள். முதல் வேலை உங்களுடையது.

அதற்குப் பிறகு வந்த சாதனங்களில் இந்த மரியாதை கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் கிளென்ரோதஸ் என்னும் ஊரில் 1975இல் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் எக்ஸ்10 என்னும் முறையைக் கண்டுபிடித்தது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்கம்பி வழியாகவே விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை அது. ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு சிறு சக்கரங்கள் இருக்கும். ஒன்றில் 16 எழுத்து, மற்றொன்றில் 16 எண். திருப்புளியால் திருப்பிவைத்தால் ஆக மொத்தம் 256 முகவரி. கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் "சமையலறை விளக்கு" என்று சொல்ல வழியில்லை, "பி 7" என்றுதான் சொல்ல வேண்டும். வீடியோ டெக்கின் கதை உங்களுக்கே தெரியும். நாம் வெளியே போயிருக்கும்போது படத்தைத் தானாகப் பதிவு செய்யும் வசதி அதற்குள் இருந்தது. எத்தனை வீட்டில் அதை உபயோகித்தார்கள்? கடிகாரத்தைக்கூடச் சரி செய்யாமல் 12:00 என்று கண்சிமிட்டிக்கொண்டே காலம் தள்ளியது அது!

மக்களுக்கு அறிவு போதவில்லை என்று அப்போது பலர் நினைத்தார்கள். இல்லை என்று காட்ட வந்தவர்கள் சில பல்கலைக்கழகத்துக்காரர்கள். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2001இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிப் பழகாத 10, 11 வயதுப் பிள்ளைகளிடம் பேக்-மேன் விளையாட்டின் காட்சிகளைக் காட்டி, "இது எப்படி நடக்கிறது என்று உன் வார்த்தையில் எழுது" என்றார்கள். பிள்ளைகள் எழுதியவற்றில் பெரும்பகுதி, "இன்னது நடந்தால் இன்னது ஆகும்" என்ற வடிவத்தில் இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்த வடிவம் அது.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தாரும் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் 2003இல் இன்னொரு வழியைக் காட்டினார்கள். படத்துண்டு விளையாட்டு போல, வாசல் மணி ஒரு துண்டு, கேமரா ஒரு துண்டு, கையில் பிடிக்கும் திரை ஒரு துண்டு. மூன்றையும் கோத்தால் மணி அடிக்கும்போது வந்தவர் முகம் திரையில் தெரியும். மறு ஆண்டு, அட்லாண்டா நகரில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார், பனிப்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தச் சொற்களைப் போல, சொல் சொல்லாக நகர்த்தி வீட்டுக்குக் கட்டளை எழுதும் முறையைச் செய்து பார்த்தார்கள். அதற்கு முன் மக்களைப் பேசவிட்டுக் கேட்டபோது ஒன்று தெரிந்தது. யாரும் "மூன்றாவது கேமராவை ஓடவிடு" என்று சொல்லவில்லை. தங்களுக்கு என்ன வேண்டும், யாருக்காக, எந்த வேளையில் என்றுதான் சொன்னார்கள். அப்படித்தானே நாமும் பேசுவோம்?

பிறகு 2010இல் சான் பிரான்சிஸ்கோவில் "இஃப் திஸ் தென் தட்" என்ற சேவை தொடங்கியது. இது நடந்தால் அதைச் செய் என்பதே அதன் பெயர், அதன் வேலையும் அவ்வளவுதான். இன்று கடையில் கிடைக்கும் அநேகமாக எல்லாச் செயலிகளிலும் இந்த வடிவம்தான் இருக்கிறது. 2014இல் பிரவுன், கார்னகி மெலன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 226 பேரிடம் இந்த வடிவத்தில் விதிகள் எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். முன்பின் புரோகிராம் எழுதாதவர்களும், இரண்டு மூன்று நிபந்தனைகள் சேர்ந்த விதிகளைக்கூட விரைவில் எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

அப்படியானால் சிக்கல் எங்கே? "ஆல்" என்ற அந்த ஒரு விகுதியில்தான்.

தும், போது, வரை

"இருட்டினால் வாசல் விளக்கைப் போடு." கேட்க எவ்வளவு எளிது! ஆனால் யந்திரத்துக்கு இது இரண்டு விதமாகப் படும். ஒன்று, "இருட்டியதும் போடு". வெளிச்சம் போய் இருட்டு வரும் அந்த ஒரு கணத்தில் விளக்கைப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடும். இன்னொன்று, "இருட்டாக இருக்கும்போது எரியட்டும்". இதற்கு இரவு முழுதும் காவல் இருக்கும்.

வித்தியாசம் என்னவென்று கேட்கிறீர்களா? நம் ஊர் மழையை நினைத்துப் பாருங்கள். மாலை 7.30க்கு இருட்டி விளக்கும் எரிந்துவிட்டது. 8 மணிக்கு இடி இடித்து வீட்டுப் பியூஸ் விழுந்துவிடுகிறது. நீங்கள் மெழுகுவர்த்தியோடு போய் அதைத் தூக்கிவிடுகிறீர்கள். மின்சாரம் வந்துவிட்டது, வாசல் விளக்கு வரவில்லை. ஏன் வரவில்லை? "இருட்டியதும்" என்ற கணம் 7.30க்கே போய்விட்டது. யந்திரத்தின் கணக்கில் அடுத்த "இருட்டியதும்" நாளைக்குத்தான். இரண்டாவது விதமாக எழுதியிருந்தால், மின்சாரம் வந்தவுடன், "இப்போது இருட்டாகத்தானே இருக்கிறது" என்று மறுபடி போட்டிருக்கும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2015இல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். நிகழ்ச்சி வேறு, நிலைமை வேறு. ஆங்கிலத்தில் ஒரே "இஃப்" இரண்டையும் மூடிவிடுகிறது. அதனால் ஒரே விதியை ஒருவர் ஒரு மாதிரியும் மற்றவர் வேறு மாதிரியும் புரிந்துகொள்கிறார்கள் என்று கண்டார்கள். நமக்கு இந்தத் தொல்லை வேண்டியதில்லை. தமிழில் "ஆல்" என்று சொல்லாமல் "தும்" என்றோ "போது" என்றோ சொல்லிப் பாருங்கள், எது வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. போடு என்று சொன்னீர்கள், அணை என்று சொன்னீர்களா? ஆள் நடமாடினால் படிக்கட்டு விளக்கு எரிய வேண்டும் என்று எழுதியவர்கள் பலர், ஆள் போனபின் அது தானாக அணையும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். சில சாதனங்கள் அணைக்கும், சில அணைக்காது. விடிந்து பார்த்தால் நடுப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதனால் மூன்றாவது சொல்லாக "வரை"யைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதுவரை எரிய வேண்டும்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதே அல்ல. விடிகாலையில் பிரட்டு மணி அடித்ததும் ஆட்கள் கூடுவார்கள். முதல் நாள் ராத்திரி மழை பெய்து பட்டை ஈரமாக இருக்கும்போது வெட்டு கிடையாது. பால் கோப்பைக்குப் போகாமல் பட்டை மேல் பரவிவிடும். ஈரம் காயும்வரை காத்திருக்க வேண்டும். தும், போது, வரை மூன்றும் இதில் இருக்கின்றன. மணி என்பது நிகழ்ச்சி. ஈரம் என்பது நிலைமை. காய்வது என்பது எல்லை. நம் தாத்தா பாட்டிமார் இந்த விதியில் ஒருநாளும் குழம்பியதில்லை. மணி அடித்த கணத்திலே மழை பெய்தால்தான் வேலை நிறுத்தம் என்று யாராவது புரிந்துகொண்டார்களா? ஈரம் எப்போது பட்டது என்பது முக்கியமல்ல, இப்போது ஈரமா என்பதுதான் கேள்வி.

ஆகவே ஒரு விதிக்கு ஒரே ஒரு "தும்" வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நிபந்தனைகள் எல்லாம் "போது" ஆகட்டும். "கதவு திறந்ததும், மகள் வந்ததும் விளக்கைப் போடு" என்று இரண்டு தும் போட்டால், இரண்டும் ஒரே கணத்தில் நடந்தால்தான் விளக்கு எரியும் என்று சில யந்திரங்கள் எடுத்துக்கொள்ளும். அந்தக் கணம் வரவே வராது. "கதவு திறந்ததும், இருட்டாக இருக்கும்போது, கதவு மூடி 5 நிமிடம் ஆகும்வரை" என்றால் ஒரு குழப்பமும் இல்லை. 2013இல் தொடங்கி இன்று உலகமெங்கும் பலர் தங்கள் வீட்டிலேயே வைத்து நடத்தும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளிலும், விதி எழுதும் பக்கம் இப்படித்தான் பிரிந்திருக்கிறது: தொடக்க நிகழ்ச்சிக்கு ஓர் இடம், நிபந்தனைகளுக்கு ஓர் இடம், செயலுக்கு ஓர் இடம். திரையில் எந்த மொழி வந்தாலும் கவலையில்லை. தமிழில் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, எந்தச் சொல் எந்தக் கட்டத்துக்கு என்று பார்த்துப் போடலாம். படித்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் தட்டிக் கொடுக்கட்டும். தட்டுவது அவன் வேலை, சொல்வது உங்கள் வேலை.

ஏர்கோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "26 டிகிரிக்கு மேல் போனால் போடு, 26க்குக் கீழே வந்தால் நிறுத்து" என்று எழுதாதீர்கள். சூடு 26ஐச் சுற்றியே ஏறி இறங்கும், ஏர்கோனும் போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்திப் பழுதாகிவிடும். 28க்கு மேல் போடு, 25க்குக் கீழே நிறுத்து என்று நடுவில் இடம் விடுங்கள். உங்கள் வீட்டுப் பனிப்பெட்டியும் உள்ளுக்குள் அப்படித்தான் இடம் விட்டு வேலை செய்கிறது.

தனியாக இருக்கும் தாயார்

விளக்கும் ஏர்கோனும் சௌகரியத்துக்கு. இப்போது சொல்லப் போவது அப்படிப்பட்டதல்ல.

சுங்கை சிப்புட்டிலோ கிள்ளானிலோ ஓர் அம்மா தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கணவர் இல்லை. மகள் கோலாலம்பூரில், மகன் சிங்கப்பூரில். "எங்களோடு வந்துவிடுங்கள்" என்றால் வரமாட்டார். அவர் வீடு, அவர் கறிவேப்பிலை மரம், அவர் கோயில். மகள் பயந்துபோய் சமையலறையில் ஓர் அசைவு உணரி பொருத்துகிறாள். காலை 8 மணிவரை அங்கே அசைவு இல்லாவிட்டால் தன் கைத்தொலைபேசிக்குச் செய்தி வரும்படி விதி எழுதுகிறாள். நல்ல விதிதான்.

வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்குச் செய்தி வருகிறது. மகள் அலறிக்கொண்டு அழைக்கிறாள். அம்மா கோயிலில் இருக்கிறார், போனைப் பையில் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறார். அடுத்த செவ்வாய்க்கிழமையும் இதே கதை. பிறகு ஒருநாள், அம்மா தங்கை வீட்டில் இரவு தங்கிவிடுகிறார். மூன்று முறை இப்படி ஆனபின் மகள் அந்தச் செய்தி ஓசையை அடக்கிவிடுகிறாள். நான்காம் முறை உண்மையாகவே அம்மா குளியலறையில் விழுந்து கிடந்தால்?

இந்த விதியில் கம்ப்யூட்டர் பிழை ஒன்றுமில்லை. அம்மாவைக் கேட்காமல் எழுதியதுதான் பிழை. செவ்வாயும் வெள்ளியும் கோயில், மாதம் ஒருநாள் தங்கை வீடு, இரவில் தூக்கம் வராவிட்டால் மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் எழுவது, இவையெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரை உட்காரவைத்துக் கேட்டிருந்தால், அவரே சொல்லியிருப்பார்: "நான் வீட்டில் இருக்கும்போது, ஒன்பதரைவரை அடுப்படிப் பக்கம் நான் வராவிட்டால், முதலில் என்னைக் கூப்பிடு. எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குச் சொல்." அவர் வீட்டில் இருக்கிறாரா என்பதை முன்கதவின் உணரியே காட்டிக்கொடுக்கும், வெளியே போகும்போது கதவு திறந்து மூடும், பிறகு உள்ளே அசைவு இருக்காது. அதுவும் போதாது என்று தோன்றினால், கதவருகே ஒரு பொத்தான் வைத்து, "போகும்போது இதை அழுத்துங்கள் அம்மா" என்று சொல்லலாம். அசைவு உணரி அநேகமாக உடல் சூட்டின் நகர்வைத்தான் பார்க்கிறது. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து புத்தகம் படிப்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார். இதையும் அம்மாவுக்குச் சொல்லிவிட வேண்டும்.

வீடே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதா என்று சிலர் கேட்பார்கள். கற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் மைக்கேல் மோசர் என்ற பேராசிரியர், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றை வீடாக்கி, 1990களில் அதை அப்படித்தான் அமைத்தார். விளக்கையோ சூட்டையோ அவர் கையால் மாற்றினால், "ஓகோ, இவருக்கு இது பிடிக்கவில்லை" என்று வீடு பாடம் கற்றுக்கொள்ளும். சிங்கப்பூரில் ஜூரோங் ஈஸ்ட்டின் யூஹுவா வட்டாரத்து வீவக வீடுகளில் 2015 வாக்கில் நடந்த சோதனையிலும், முதியோரின் அன்றாட வழக்கத்தை உணரிகள் கவனித்து, வழக்கம் மாறினால் கவனித்துக்கொள்பவருக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாடு இருந்தது. இவை பயனுள்ளவை, ஐயமில்லை. ஆனால் தங்கை வீட்டுக் கல்யாணம் அடுத்த வாரம் என்பதை எந்த வீடும் கவனித்துக் கற்க முடியாது. யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

இப்போது வாயால் சொன்னாலே விதி எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. நல்ல வசதி, உபயோகியுங்கள். ஆனால் அது எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "அம்மா தூங்கியதும் எல்லா விளக்கையும் அணை" என்றால் உடனே எழுதித் தந்துவிடும். அம்மா தூங்கியது அதற்கு எப்படித் தெரியும்? 20 நிமிடம் அசைவில்லை என்றால் தூக்கம் என்று அதுவே தீர்மானித்திருக்கலாம். அவர் புத்தகத்தோடு இருட்டில் உட்கார்ந்திருப்பார். "எதைக் கொண்டு அப்படி முடிவு செய்கிறாய்?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கங்காணி சொன்னார் என்றால் எல்லாம் சரியாகிவிடுமா?

சாவி யார் கையில்?

வீட்டில் ஐந்து பேர் இருப்பார்கள், செயலி ஒருவர் போனில் இருக்கும். பெரும்பாலும் அது ஆண்பிள்ளையின் போன். அவர் வெளியூர் போனால் வீட்டிலுள்ளவர்கள் விளக்கைப் போட அவருக்கே போன் செய்ய வேண்டிய விநோதம் நடக்கிறது. இது சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் 2018இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்ட செய்தியைப் படித்தவர்களுக்குச் சிரிப்பு வராது. கொடுமைக்கார உறவில் சிக்கிய பெண்கள் உதவி மையங்களை அழைத்துச் சொன்ன விஷயங்கள் அதில் இருந்தன. போட்ட ஏர்கோன் தானாக நிற்கிறது என்றார் ஒருவர். வாசல் பூட்டின் எண் தினமும் மாறுகிறது என்றார் மற்றொருவர். வாசல் மணி அடிக்கிறது, போய்ப் பார்த்தால் யாரும் இல்லை என்றார் இன்னொருவர். வீட்டை விட்டுப் போன ஆண்கள்கூடத் தொலைவிலிருந்து போன் மூலம் வீட்டை ஆட்டிவைத்திருக்கிறார்கள்.

ஆகையால் சாதனம் வாங்கும் நாளிலேயே, வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லார் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் சம உரிமை இருக்கட்டும். பிள்ளைகளுக்கு அவர்கள் அறை விளக்கு மட்டும் போதும். வேலைக்கு வந்து தங்கியிருக்கும் பணிப்பெண் இருந்தால், அவர் அறைக்குள் உணரி எதுவும் வேண்டாம். மற்ற இடத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிவித்துவிடுங்கள். வீட்டை விட்டுப் போய்விட்ட ஒருவரின் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

கம்பெனியும் போய்விடும், அதையும் மனதில் வையுங்கள். ரிவால்வ் என்றொரு பெட்டி, ஏறத்தாழ 300 அமெரிக்க வெள்ளிக்கு விற்றது. அந்த நிறுவனத்தை நெஸ்ட் 2014இல் வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய பெட்டி வெறும் பெட்டியாகிவிட்டது. இன்ஸ்டியான் நிறுவனத்தின் கணினிகள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோயின. பழைய வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அதை விலைக்கு வாங்கி மறுபடி ஓட்டினார்கள் என்பது வேறு கதை. கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது: "இண்டர்நெட் அறுந்தாலும் நான் எழுதிய விதி வீட்டுக்குள்ளேயே ஓடுமா?" அதற்குப் பதில் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் பூட்டு மட்டும் வாங்காதீர்கள். சுவரிலுள்ள பழைய சுவிட்சு எப்போதும்போல் வேலை செய்யும்படியாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளி எந்தச் செயலியையும் இறக்கிக்கொண்டு வருவதில்லை.

எங்கே ஆரம்பிப்பது? ஒரு பிளக், ஒரு பல்பு, ஒரே ஒரு விதி போதும். வாசல் விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு வாரம், நீங்கள் கையால் எப்போது போடுகிறீர்கள், எப்போது அணைக்கிறீர்கள் என்று நாட்காட்டியில் குறித்து வாருங்கள். மகனுக்கு இரவு வேலை வரும் நாள், திருவிழா நாள், வீட்டில் யாருமில்லாத நாள் எல்லாம் அதில் தானாகவே தெரிந்துவிடும். அதைப் பார்த்துத் தமிழில் விதியை எழுதுங்கள். "இருட்டாக இருக்கும்போது, மகன் வீட்டுக்கு வரும்வரை, அல்லது நள்ளிரவு 1 மணிவரை, வாசல் விளக்கு எரியட்டும்." எழுதியதை மாமியாரிடமும் பிள்ளைகளிடமும் படித்துக் காட்டுங்கள். "இப்படி ஆனால் என்ன செய்யும்?" என்று அவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதியை எந்த என்ஜினியரும் கேட்டிருக்க மாட்டார். பிறகு செயலியில் போடுங்கள். ஒருநாள் மாலையில் வேண்டுமென்றே மெயின் சுவிட்சை நிறுத்திப் போட்டு, விளக்கு திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தச் செயலி "போது" என்று நீங்கள் சொன்னதைத் "தும்" என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் வந்ததும் விளக்கைப் போடு என்று இன்னொரு விதியைத் துணைக்குச் சேர்க்க வேண்டியிருக்கும்.

எழுதிய விதிகளை ஒரு தாளில் வைத்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். யார் எழுதியது, என்று எழுதியது, நிறுத்த வேண்டுமானால் எதை அழுத்துவது என்பதும் அதில் இருக்கட்டும். பென்சிலால் எழுதுங்கள். பள்ளி விடுமுறை விட்டதும் இரண்டு மூன்று விதிகளையாவது அழித்து எழுத வேண்டிவரும்.